அண்ணி பெயரில் ஒரு பங்கு

காலை ஒன்பதே காலுக்கு என் போனை அலறவைத்த என் அருமை அண்ணிக்கு,

நீங்கள் போய் இந்த ஆடியோடு இரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் மார்க்கெட் திறக்கிற நேரம் ஆனால் என் கை தானாகப் போனைத் தேடுகிறது. நீங்கள் கூப்பிடுவீர்கள், "ஏய் வசந்தி, பாத்தியா?" என்பீர்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதை நானே கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது உங்களிடம் சொல்ல நிறைய இருக்கிறது. மார்க்கெட் விழுந்தது. கவிதா சொந்தமாகக் கிளினிக் போடுகிறாள். இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் தயக்கமாக இருக்கிறது. சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம் கதை தெரியாது. நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து ஷேர் வாங்கினார்கள் என்றாலே பலர் நம்ப மாட்டார்கள். சேர்ந்து சண்டை போட்டார்கள் என்றால் நம்புவார்கள். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் ஆகாதவள், கே.கே. நகரில் தனி வீடு. நீங்கள் ஸ்ரீரங்கத்தில் என் அண்ணன் மனைவி, கவிதாவின் அம்மா. மாதாமாதம் நான் சம்பளத்தில் கொஞ்சம் போட, நீங்கள் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கொஞ்சம் போட, இருவர் பெயரிலும் ஒரே கணக்கைத் திறந்தோம். பதினைந்து வருடத்தில் நான்கே நான்கு கம்பெனி. அதற்கு மேல் நம் மண்டையில் ஏறாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

அண்ணனுக்கு ஷேர் என்றாலே சூதாட்டம். அவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது போனில் நாம் எப்படிப் பேசுவது? அதற்காகத்தான் ஒவ்வொரு பங்குக்கும் வீட்டில் ஒரு ஆளின் பெயரை வைத்தோம். மோட்டார் பம்ப் கம்பெனிக்கு அண்ணன் பெயர். "சத்தம் பெருசா வரும், தண்ணி மெதுவாத்தான் வரும்" என்றீர்கள். வங்கிப் பங்கு வாங்கியது கவிதா பிசியோதெரபி படிக்கச் சேர்ந்த அன்று, அதனால் அது கவிதா. பெயிண்ட் கம்பெனி எனக்கு. "பூசி மெழுகிப் பேசறதுல உன்னை விட்டா ஆள் இல்ல" என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு.

ரகசியம் எத்தனை நாள் நின்றது? "உங்கண்ணன் நல்லா ஏறிட்டாரு, பாதியை வித்துடலாமா?" என்று நீங்கள் சமையலறையிலிருந்து கேட்டது ஹால் வரைக்கும் போய்விட்டது. "யாரை விக்கிறீங்க?" என்று அண்ணன் பேப்பரோடு எழுந்து வந்தார். இரண்டு நாள் கத்தினார். மூன்றாம் நாள் காலையில் காபி குடித்துக்கொண்டே, "நான் இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டாராம். அதைச் சொல்லி நீங்கள் சிரித்த சிரிப்பில் போனே சூடாகிவிட்டது.

அதோடு பெயர்களை விட்டிருக்கலாம். நாம் விடவில்லை. நல்ல விலைக்கு அண்ணன் பங்கை விற்றோம். நான்காம் நாள் அண்ணன் மாம்பழச்சாலையில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எனக்குப் போன் செய்தீர்கள்.

"வசந்தி, உங்கண்ணனை உடனே திருப்பி வாங்கு."

"விலை ஏறிடுச்சு அண்ணி. வித்ததைவிட அதிகம் குடுக்கணும்."

"ஏறினா ஏறட்டும். வாங்குன்னா வாங்கு."

வாங்கினேன். படித்தவள், அலுவலகத்தில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவள், அன்று ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கும் பயம்தான். அன்றிலிருந்து நமக்கு வாங்கத் தெரியும், வைத்திருக்கத் தெரியும், விற்க மட்டும் கை வராது என்று ஆகிவிட்டது. ஒரு ஆளை எப்படி விற்பது?

சரி, இப்போதைய சேதிக்கு வருகிறேன். இந்த வருடம் மார்க்கெட் விழுந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வாரக்கணக்கில். போனைத் திறந்தால் எல்லாம் சிவப்பு. பார்க்கில் என்னோடு காலையில் நடக்கிறவர்கள் எல்லாரும் திடீரென்று நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். ஒருவர் இன்னும் பாதாளம் இருக்கிறது என்கிறார், இன்னொருவர் இதுதான் வாங்குகிற நேரம் என்கிறார். இருவருமே அரைச் சுற்றுக்கு மேல் நடப்பதில்லை.

அண்ணன் காலையில் போன் செய்து, "எல்லாத்தையும் வித்து பேங்க்ல பிக்சட்ல போட்டுடும்மா" என்பார். சாயங்காலம், "வித்துடல்லியே? டிவியில ஏறும்னு சொல்றான்" என்பார். நீங்கள் இல்லாத வீட்டில் அவருக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது என்று நானும் ஊம் கொட்டினேன். பத்து நாள் போனில் பங்கு விலைப் பக்கமே போகவில்லை. நாம் சொல்வோமே, பட்டறை போட்டுவிட்டோம் என்று, அப்படி இருந்துவிட்டேன். துறையூர்ப் பக்கம் உங்கள் வீட்டில் சின்ன வெங்காயம் விலை விழுந்தால் விற்காமல் பட்டறையில் சேர்த்து வைப்பார்கள் என்று சொல்லி, பங்கை விற்காமல் வைத்திருப்பதற்கும் அந்தப் பெயரை வைத்தது நீங்கள்தானே.

அப்படியே இருந்திருப்பேன். அதற்குள் கவிதாவுக்குக் கிளினிக் போட இடம் கிடைத்தது.

உறையூரில் தரைத்தளத்தில் ஒரு கடை. சேலை வியாபாரம் செய்தவர் காலி செய்திருக்கிறார். முழங்கால் வலியோடு வருகிறவர்களை மாடி ஏறச் சொல்ல முடியாது என்று கவிதா ஒரு வருடமாகத் தரைத்தளம்தான் தேடிக்கொண்டிருந்தாள். பஸ் நிறுத்தம் பக்கத்திலேயே. மெஷின்களுக்கு வங்கியில் கடன் தருகிறார்கள், கடைக்கான அட்வான்ஸை நாம்தான் கட்ட வேண்டும். இருபது நாளில் கட்டாவிட்டால் மொபைல் கடைக்காரர் ஒருவர் காத்திருக்கிறார், அவருக்குப் போய்விடும்.

உங்களுக்கு நினைவிருக்கும். "அவ சொந்தமா தொடங்கறப்ப நம்ம பங்குல இருந்துதான் குடுக்கணும் வசந்தி" என்று என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். நான் தலையை ஆட்டினேன். நீங்கள் போன பிறகு கணக்கு முழுவதும் என் பெயருக்கு வந்துவிட்டது. சட்டப்படி எல்லாம் என்னுடையது. ஆனால் அதில் பாதி அவளுடையது என்று எனக்குத் தெரியாதா? அவளிடம் சொன்னேன். "வேணாம் அத்தை, அது உங்க கடைசிக் காலத்துக்கு" என்றாள். எனக்கு வந்த கோபத்தில், "என் கடைசிக் காலத்துக்கு நீ ஒண்ணும் தேதி குறிக்க வேணாம்" என்று போனை வைத்துவிட்டேன். பிறகு நானே மறுபடி கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

ஆக, விற்றே ஆக வேண்டும். அதுவும் விழுந்து கிடக்கிற மார்க்கெட்டில். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கையும் எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பம்ப் கம்பெனி கால்வாசி இறங்கியிருந்தது, ஆனால் வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. பெயிண்ட் கம்பெனியும் இறங்கியிருந்தது, இருந்தாலும் நாம் வாங்கிய விலைக்குப் பல மடங்கு மேலே. வங்கி அவ்வளவாக அசையவே இல்லை. அதை முழுதாக விற்றால் அட்வான்ஸ் தாராளமாக வரும். கவிதாவின் பங்கு கவிதாவுக்கே போகட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

நான்காவதைப் பற்றி நான் பேசவில்லை, பார்த்தீர்களா? பெயிண்ட் கம்பெனிக்காரி இல்லையா.

நான்காவது, ரோடு போடுகிற கம்பெனி. உங்கள் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என் போனஸ் பணத்தில் வாங்கி உங்கள் பெயரை வைத்தேன். அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், நானும் பெரிய ஆள் மாதிரி நம்பினேன். "கடன் நிறைய வெச்சிருக்கான் போல இருக்கே" என்று அன்றைக்கே லேசாகச் சொன்னீர்கள். "பரிசுக்குக் குறை சொல்லாதீங்க அண்ணி" என்று வாயை அடைத்தேன். மூன்று வருடம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு வட்டி கட்டவே திணறினார்கள், டிவிடெண்ட் நின்றது, கம்பெனியை நடத்துகிறவர்களே தங்கள் பங்குகளை அடகு வைத்தார்கள் என்று சேதி வந்தது. இந்த வீழ்ச்சிக்கு முன்பே அது விழுந்துவிட்டது.

கடைசியில் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தினமும் கேட்டீர்கள். "என் பங்கு எப்படி இருக்கு வசந்தி?" நானும் தினமும், "நல்லா இருக்கு அண்ணி, மெல்ல ஏறுது" என்றேன். ஏறவில்லை. ஒருநாள்கூட ஏறவில்லை. அந்த நிலைமையில் உங்களிடம் போய், நான் கொடுத்த பரிசு பாழாய்ப் போய்விட்டது என்று எப்படிச் சொல்வேன்? நீங்களும் "அப்படியா, சரி" என்று கண்ணை மூடிக்கொள்வீர்கள். அந்தப் பொய்யை இரண்டு வருடமாகச் சுமந்துகொண்டிருந்தேன்.

உங்கள் பெயரில் இருப்பதை நான் விற்பதாவது? அது எவ்வளவு இறங்கினாலும் இருக்கட்டும் என்றுதான் வைத்திருந்தேன்.

தில்லைநகர் ஆபீசுக்குப் போனேன். நம் கணக்கைப் பார்க்கிற செந்தில் அங்கேயேதான் இருக்கிறார், தலையில்தான் முடி இல்லை. வங்கியை முழுதாக விற்க வேண்டும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த விழுற மார்க்கெட்டுல நிமிந்து நிக்கிறது இது ஒண்ணுதான். இதை வித்துட்டு, அந்த ரோடு கம்பெனியை எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"அது இருக்கட்டும்."

"அது திரும்பி வராதுங்க. மத்ததெல்லாம் மார்க்கெட் விழுந்ததால விழுந்திருக்கு, அது எந்திரிக்கும். இது கம்பெனியே போயிடுச்சு. ரெண்டும் வேற வேற. இதை வித்துட்டு, பெயிண்ட்ல பாதியைக் குடுங்க. உங்க தேவைக்குச் சரியா வந்துடும். இதுல வர்ற நஷ்டத்தை அந்த லாபத்துல கழிச்சுக்கலாம், வரியும் குறையும்."

அது என் அண்ணி என்று எப்படி அவரிடம் சொல்வது? "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். அவர் சொன்னது சரி என்பதால் கோபம். பட்டறை போடும் முன் அழுகினதைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பதும் கெடும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதை மட்டும் நாம் செய்யவே இல்லை.

வீட்டுக்குப் போகாமல் அப்படியே ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். கவிதா அப்போதுதான் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன் எனக்குக் காபி போட்டார். ஆமாம், அண்ணன் காபி போடுகிறார். சர்க்கரை கூடுதலாகத்தான் இருக்கிறது, ஆனால் போடுகிறார்.

செந்தில் சொன்னதைச் சொல்லாமல், வங்கியை விற்கப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அண்ணன் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"கவிதாவை விக்காதம்மா. வேணும்னா என்னை வித்துக்க. நான் ஹெல்மெட் போட்டுக்கிறேன்."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. கவிதாவும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, அம்மா பங்கை ஏன் விக்கல?"

"அது உங்கம்மாவுது."

"நஷ்டம்தானே?"

"இருந்தா என்ன? உங்கம்மாகிட்ட நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கேன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. இத்தனை நாள் கட்டிக்காத்ததை இப்படிப் போட்டு உடைத்துவிட்டேன். கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே உங்கள் பிடி, விரலை மட்டும் பிடிப்பது.

"அத்தை, ஆஸ்பத்திரில இருந்த அத்தனை நாளும் அம்மா என் போன்ல விலை பாத்தாங்க. காலைல கண்ணு முழிச்சதும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க. அவங்களுக்குத் தெரியும்."

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சுமா என்கிட்ட கேட்டாங்க?"

"நீங்க அந்தப் பக்கம் பஸ் ஏறினதும் என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. 'உங்கத்தைக்குப் பொய் சொல்லவே வரல, மூக்கு செவந்துடுது. ஆனா அவ அதைச் சொல்றப்ப கேக்க நல்லா இருக்கு'ன்னு சொல்வாங்க. 'பாவம், ஆசையா வாங்கிக் குடுத்தா. நான் இருக்கற வரைக்கும் அதைப் பத்தி அவகிட்டப் பேசாத. அப்புறம் முதல்ல அதை வித்துடச் சொல்லு'ன்னாங்க."

"ஏண்டி, ரெண்டு வருஷமா இதைச் சொல்லல?"

"அம்மா ஞாபகமா ஆசையா வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். எப்படி வித்துடுங்கன்னு சொல்றது?"

அண்ணன் காபி டம்ளரை எடுத்துக்கொண்டே, "எனக்கும்தான் தெரியும். எல்லாரும் சும்மா இருந்தீங்க, நானும் சும்மா இருந்தேன்" என்றார்.

அண்ணி, இதை என்னவென்று சொல்வது? உங்களுக்காக நான் வைத்திருந்தேன். எனக்காக நீங்கள் வைத்திருந்தீர்கள். நம் இருவருக்காக அவர்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு உருப்படாத கம்பெனியின் பங்கை ஒரு குடும்பமே மாறி மாறித் தாங்கியிருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வருத்தத்தில் இல்லை. இரண்டு வருடமாகச் சுமந்ததை இறக்கி வைத்தேன், அவ்வளவுதான். அண்ணன் பயந்துபோய் இன்னொரு காபி போட்டுக் கொண்டுவந்தார்.

மறுநாள் காலையில் மார்க்கெட் திறந்ததும் விற்றேன். ராகுகாலம் பார்க்கவில்லை. முதலில் உங்களுடையதை, பிறகு என்னுடையதில் பாதியை. பெயிண்ட் கம்பெனியில் பாதி போனதற்கு என் உடம்பில் ஏதாவது ஆகும் என்று இரண்டு நாள் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்தே இறங்கினேன், அதை மறைக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. நேற்றுப் பார்க்கில் நான்கு சுற்று நடந்தேன். அண்ணன் பங்கு பட்டறையில் இருக்கிறது. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் எனக்கென்று தனியே எடுத்து வைத்திருந்ததில் கொஞ்சம் போட்டு, வங்கிப் பங்கு இன்னும் சில வாங்கினேன். மார்க்கெட் இறங்கியிருக்கும்போது நல்லதை வாங்க நீங்கள் என்றைக்கும் பயந்ததில்லை. எனக்கும் இந்த முறை பயம் வரவில்லை.

அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது. சாவி கவிதா கையில். சுவருக்கு வெளிர்பச்சை அடிக்கிறாள், அதுவும் எந்தக் கம்பெனி பெயிண்ட் தெரியுமா? என்னுடையதுதான். கடைக்காரர் வேறொன்று மலிவு என்றாராம், இவள் கேட்கவில்லை. முதல் நோயாளி அண்ணன். மணிக்கட்டு மழை வந்தால் இன்னமும் வலிக்கிறதாம். பீஸ் கொடுக்க மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

செந்தில் சொன்ன மாதிரியே உங்கள் நஷ்டம் என் லாபத்தில் கழிந்து வரி கொஞ்சம் குறைந்தது. போன பிறகும் மகளுக்காக மிச்சம் பிடித்துக் கொடுக்கிற ஆள் நீங்கள் ஒருத்திதான்.

உங்கள் பெயரை விற்றுவிட்டேனே என்று வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அண்ணி. நிம்மதியாக இருக்கிறது. இரண்டு வருடமாக நான் உங்களை ஒரு விலைப்பட்டியலில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். நீங்கள் அங்கே இல்லை. கவிதா என் விரலைப் பிடித்தாளே, அங்கே இருக்கிறீர்கள்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கிளினிக்கில் ஆள் வருகிறதோ இல்லையோ, மார்க்கெட் ஏறுகிறதோ இல்லையோ, எனக்கு முட்டி வலிக்கிறதோ, அண்ணன் மாத்திரை போட மறக்கிறாரோ, இனிமேல் எதையும் பூசி மெழுகாமல் உள்ளதை உள்ளபடி உங்களிடம் சொல்வேன். இன்றைக்கே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் பங்கு ஏறவில்லை, அண்ணி. வாங்கிய விலையில் எட்டில் ஒரு பாகத்துக்குத்தான் போனது.

இப்போது சிரியுங்கள், எனக்குத் தெரியும்படியாகவே.

மூக்கு சிவக்காமல் எழுதி முடித்த,
உங்கள் நாத்தனார்
வசந்தி